வேலூரில் உறங்கும் கண்டி ராஜா

கொடுங்கோலர் என்று பிடித்துக் கொடுத்தார்கள்; மூன்றாம் வருஷமே அவர் குலத்தின் பெயரைச் சொல்லிப் போர் தொடுத்தார்கள்!

காட்பாடி ரயில் நிலையத்துக்கு இரவு, பகல் என்ற பேதம் இல்லை. எந்நேரமும் கூட்டம்தான். வேலூர் ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்கள், ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள், கோயில் பார்க்க வந்த குடும்பங்கள் என்று பல தரப்பட்டவர்களும் இங்கே வந்து இறங்குகிறார்கள்.

வேலூர் போகிற பஸ், பாலாற்றுப் பாலத்தின் மேல் ஏறுகிறது. கீழே ஆறு. பெரும்பாலான மாதங்களில் அதில் தண்ணீரைவிட மணல்தான் அதிகம். பாலத்தைத் தாண்டினால் வேலூர். அங்கே, அதே பாலாற்றங்கரையில், முத்து மண்டபம் என்று ஒரு நினைவிடம் இருக்கிறது. 1990-ஆம் ஆண்டில், கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது, தமிழக அரசு எழுப்பிய மண்டபம் அது. உள்ளே சில சமாதிகள்.

"இது யாரு சமாதி, தாத்தா?" என்று பேரப்பிள்ளைகள் கேட்பார்கள்.

"கண்டி ராஜா சமாதிடா!"

"கண்டி இலங்கையிலே அல்லவா இருக்கு? அந்த ராஜா ஏன் இங்கே வந்தாரு?"

நல்ல கேள்வி! அவர் வரவில்லை. கொண்டுவரப்பட்டார். கைதியாக!

அவர் பெயர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். கண்டியின் கடைசி மன்னர். இலங்கை மண்ணில் முடிசூடி ஆண்ட கடைசி ராஜாவும் அவர்தான். அவர் பிடிபட்ட கதை விசித்திரமானது. பிடிபட்ட பிறகு ஜனங்கள் நடந்துகொண்ட விதம் அதைவிட விசித்திரமானது.

மதுரைச் சம்பந்தம்

கண்டி ஒரு மலைநாடு. சுற்றிலும் காடு. வளைந்து ஓடும் மகாவலி கங்கை. இலங்கையின் கடற்கரையைப் போர்ச்சுக்கீசியர் பிடித்தார்கள். பிறகு டச்சுக்காரர்கள் பிடித்தார்கள். 1796-இல் அது ஆங்கிலேயர் கைக்கு வந்தது. ஆனால் மலைமேல் இருந்த கண்டி மட்டும் இந்த மூவருக்கும் தலை வணங்கவில்லை.

கண்டி ராஜாக்கள் சிங்களவர்கள். ஆனால் பட்டத்து ராணியை மதுரை நாயக்கர் குலத்திலிருந்து அழைத்து வருவது வழக்கமாக இருந்தது. 1739-இல் ஒரு ராஜா, பட்டத்துக்கு உரிய வாரிசு இல்லாமல் இறந்தார். ராணியின் சகோதரர் சிம்மாசனம் ஏறினார். அன்று முதல் கண்டியை ஆண்டது நாயக்கர் வம்சம். நான்கு ராஜாக்கள், 76 ஆண்டுகள்.

அவர்கள் குலத்தில் அயலார்தான். ஆனாலும் ஜனங்களின் சமயத்தைத் தங்கள் சமயமாகப் போற்றினார்கள். கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் என்ற மன்னர் 1753-இல் சயாம் நாட்டிலிருந்து பிக்குகளை வரவழைத்து, நலிந்து கிடந்த பௌத்த சங்கத்துக்குப் புத்துயிர் கொடுத்தார். கண்டி ஜனங்கள் அந்த வம்சத்தை ஏற்றுக்கொண்டதற்கு இது ஒரு பெரிய காரணம்.

இந்த வரிசையில் நான்காவதாக வந்தவர்தான் நம் கதாநாயகர். இயற்பெயர் கண்ணுசாமி. 1798-இல் பட்டத்துக்கு வந்தபோது அவருக்கு வயது பதினெட்டு!

அவரைத் தேடிப் பிடித்துச் சிம்மாசனத்தில் உட்கார வைத்தவர் பிலிமத்தலாவ என்ற முதல் மந்திரி. பையன் பொம்மையாக இருப்பான், ஆட்சி தன் கையில் இருக்கும், நாளடைவில் சிம்மாசனமும் தனக்கே வரும் என்பது மந்திரியின் கணக்கு. இதற்காகக் கொழும்பில் இருந்த ஆங்கிலேயக் கவர்னரோடு ரகசியமாகப் பேச்சும் நடத்தினார்.

ஆனால் பொம்மைக்கு உயிர் வந்துவிட்டது! ராஜா சொந்தமாக யோசிக்க ஆரம்பித்தார். கடைசியில் பிலிமத்தலாவ, தாம் பட்டம் சூட்டிய ராஜாவின் கட்டளைப்படியே தலையை இழந்தார்.

1803-இல் ஆங்கிலேயர் கண்டிக்குப் படை அனுப்பினார்கள். நகரத்தைப் பிடித்து, முத்துசாமி என்ற வேறொரு நாயக்கரை ராஜாவாக்கினார்கள். மலைக் காய்ச்சல் பட்டாளத்தைச் சுருட்டிப் போட்டது. மிஞ்சியவர்கள் சரணடைந்தார்கள். அப்படியும் உயிர் தப்பவில்லை. மகாவலிக் கரையில் கொல்லப்பட்டார்கள். முத்துசாமிக்கும் அதே கதி.

வென்ற ராஜாவுக்கு அப்போது வயது இருபத்து மூன்று. ஆங்கிலேயர் இந்த அவமானத்தை மறக்கவே இல்லை.

இரண்டு நாள் அடுப்பு எரியவில்லை

இன்று கண்டிக்குப் போகிறவர்கள் ஊருக்கு நடுவே உள்ள அழகான ஏரியைப் பார்த்து மெய்மறக்கிறார்கள். அதை வெட்டியவர் இந்த ராஜாதான். தலதா மாளிகை முகப்பில் உள்ள எண்கோண மண்டபமும் அவர் கட்டியதே.

ஆனால் ஏரிக்கு மண் சுமந்தவர்கள் கூலிக்கு வந்தவர்கள் அல்ல. "ராஜகாரியம்" என்ற பெயரில் நடந்த கட்டாய வேலை அது. வயலை விட்டு, வீட்டை விட்டு வந்து உழைத்தார்கள். வாயால் வாழ்த்தினார்களோ என்னவோ, வயிறு எரிந்தது.

ராஜாவுக்கோ யாரைப் பார்த்தாலும் சந்தேகம். பிலிமத்தலாவ செய்த துரோகத்துக்குப் பிறகு பிரதானிகள் எல்லோருமே துரோகிகளாகத் தெரிந்தார்கள். சந்தேகம் கோபமாயிற்று. கோபம் கொலையாயிற்று.

பிலிமத்தலாவவுக்குப் பின் முதல் மந்திரியானவர் எகலப்பொல. 1814-இல் அவரும் ராஜாவுக்கு எதிராகக் கிளம்பினார். கலகம் தோற்றது. எகலப்பொல ஆங்கிலேயர் பக்கம் ஓடித் தப்பினார். ஆனால் மனைவியும் குழந்தைகளும் கண்டியில் அகப்பட்டுக் கொண்டார்கள்.

ராஜாவின் ஆத்திரம் அந்தக் குடும்பத்தின் மேல் திரும்பியது. தாயின் கண் முன்னால் பிள்ளைகள் வெட்டப்பட்டார்கள். பெரிய பிள்ளை பயந்து ஒதுங்க, சின்னவன் முன்னால் வந்து கழுத்தை நீட்டினான் என்று சிங்கள நாட்டில் இன்றும் சொல்லுகிறார்கள். பிறகு அந்தத் தாயை ஏரியில் மூழ்கடித்துக் கொன்றார்கள்.

அந்தச் சாவுக்காகக் கண்டி நகரமே இழவு வீடாயிற்று. அரண்மனை தவிர எந்த வீட்டிலும் இரண்டு நாள் அடுப்பு எரியவில்லை என்று, சில ஆண்டுகள் கழித்து அங்கே வந்த ஜான் டேவி என்ற ஆங்கிலேய மருத்துவர் எழுதி வைத்திருக்கிறார். யாரும் ராஜாவை எதிர்த்து வாய் திறக்கவில்லை. ஆனால் அடுப்பை அணைத்து வைத்தார்கள். அன்றே அவருடைய ராஜ்யம் பாதி போய்விட்டது!

நாற்பது நாள் யுத்தம்

கொழும்பில் அப்போது கவர்னர் பிரௌன்றிக். கண்டி விவகாரங்களைக் கவனித்தவர் ஜான் டாய்லி என்ற அதிகாரி. சிங்களம் நன்றாகப் பேசுவார். கண்டிப் பிரதானிகளுக்குக் கடிதம் எழுதி, ஆள் அனுப்பி, ஒவ்வொருவராக வசப்படுத்தி வைத்திருந்தார்.

1814 கடைசியில், கடற்கரைப் பக்கமிருந்து போன சில வியாபாரிகளை ஒற்றர்கள் என்று ராஜா பிடித்து அங்கங்களை வெட்டினார். பெரும்பாலோர் இறந்துபோனார்கள். ஆங்கிலேயர் காத்திருந்த சாக்குக் கிடைத்துவிட்டது!

1815 ஜனவரி 10-ஆம் தேதி கவர்னர் யுத்தப் பிரகடனம் செய்தார். "இந்தப் போர் கண்டி ஜனங்களுக்கு எதிரானது அல்ல, கொடுங்கோல் ராஜாவுக்கு எதிரானது மட்டுமே" என்பது அந்தப் பிரகடனத்தின் சாரம். ஜனங்களை விடுவிக்கத்தான் பட்டாளம் வருகிறதாம்!

பல வழிகளில் படைகள் மலை ஏறின. தடுப்பார் யாரும் இல்லை. எகலப்பொலவுக்குப் பின் முதல் மந்திரியான மொல்லிகொடவும் ஆங்கிலேயர் பக்கம் சேர்ந்துகொண்டார். பிப்ரவரி நடுவில் பட்டாளம் கண்டிக்குள் நுழைந்தபோது வரவேற்பும் இல்லை, எதிர்ப்பும் இல்லை. ஊரே காலியாக இருந்தது. ராஜாவும் ஓடிவிட்டார், ஜனங்களும் காட்டுக்குள் போய்விட்டார்கள்.

பிப்ரவரி 18. கண்டிக்குக் கிழக்கே மெதமகாநுவரப் பகுதியில் ஒரு குடியானவர் வீட்டில் ராஜா ஒளிந்திருந்தார். கூட இரண்டு ராணிகள். காவலுக்கு ஒரு சில ஆட்கள். வீட்டைச் சூழ்ந்துகொண்டது ஒரு கூட்டம்.

வெள்ளைக்காரச் சிப்பாய்களா? இல்லை! எக்நெலிகொட என்ற பிரதானியின் தலைமையில் வந்த சிங்களவர்கள். எகலப்பொலவின் ஆட்கள்.

காவலர்கள் கொஞ்ச நேரம்தான் தாக்குப் பிடிக்க முடிந்தது. ராஜாவைக் கட்டினார்கள். ஏசினார்கள். தரதரவென்று இழுத்துப் போனார்கள். ராணிகளின் மேலிருந்த நகைகளைப் பறித்தார்கள். நேற்றுவரை எதிரே நிமிர்ந்து நிற்கவும் அஞ்சியவர்கள், அன்று அவரைக் கைதொட்டு இழுத்தார்கள்.

தகவல் அறிந்து டாய்லி விரைந்து வந்தார். கட்டை அவிழ்க்கச் செய்து, பல்லக்கு வரவழைத்து, மரியாதையாக அனுப்பி வைத்தார். சொந்த ஜனங்கள் அவமானப்படுத்த, அந்நியர்கள் மரியாதை செய்தார்கள்! ஆங்கிலேயர்களுக்கு அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. அவர்களுக்கு வேண்டியது ராஜாவின் மானம் அல்ல, நாடு.

நாற்பது நாளில் யுத்தம் முடிந்தது.

அழுதவர் யார்? சிரித்தவர் யார்?

ராஜா பிடிபட்ட செய்தி வந்தபோது கவர்னர் பிரௌன்றிக் சாப்பாட்டு மேசையில் இருந்தாராம். கடிதத்தைப் படித்ததும் அவர் கண்ணிலிருந்து தாரை தாரையாக நீர் வழிந்ததாம். ஆனந்தக் கண்ணீர்! மூன்று ஐரோப்பிய வல்லரசுகள் முந்நூறு ஆண்டுகளாக முயன்றும் முடியாத காரியம் முடிந்துவிட்டதல்லவா?

பிரதானிகளுக்கு நிம்மதி. தலை தப்பியது என்ற நிம்மதி. மார்ச் 2-ஆம் தேதி கண்டி அரண்மனை மண்டபத்தில் கூடினார்கள். ராஜா கொடுமை செய்ததால் பட்டம் இழந்தார் என்றும், கண்டி இனி இங்கிலாந்து மன்னருக்கு உரியது என்றும், பௌத்த சமயம் காப்பாற்றப்படும் என்றும் உடன்படிக்கை வாசிக்கப்பட்டது. ராஜாவின் உறவு ஆண்கள் யாரும் இனி மலைநாட்டில் கால் வைக்கக் கூடாது என்றும் அதிலே கண்டிருந்தது. பிரதானிகள் கையெழுத்துப் போட்டார்கள். சிலருடைய கையெழுத்தில் தமிழ் எழுத்துக்கள் இருக்கின்றன. தமிழ் வழங்கிய அரண்மனை அல்லவா?

எகலப்பொலவுக்கு மட்டும் ஏமாற்றம். தம்மை ராஜாவாக்குவார்கள் என்று எதிர்பார்த்திருந்தார். கிடைத்தது, ஆங்கில அரசின் நண்பர் என்ற கௌரவம்தான்!

கொழும்புக் கோட்டையில் ராஜாவை ஒரு நல்ல வீட்டில் வைத்தார்கள். எப்பேர்ப்பட்ட ராட்சசனோ என்று நினைத்திருந்த வெள்ளைக்காரர்கள் வியந்துபோனார்கள். நல்ல உயரம், திடகாத்திரமான உடம்பு, களையான முகம். நிதானமாகப் பேசினார். ராஜாவாக இருக்க இனி முடியாதென்றாலும், காட்டிய மரியாதைக்கு நன்றி என்று சொன்னாராம்.

மரண தண்டனைகளைப் பற்றி ஒரு முறை பேச்சு வந்தது. ஆங்கிலேயக் கவர்னர்களைச் சுற்றி ஆலோசகர்கள் இருக்கிறார்கள். ஆத்திரத்தில் எதையும் செய்யாமல் தடுக்கிறார்கள். எங்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. எங்கள் கோபம் ஆறுவதற்குள் குற்றவாளியின் உயிர் போய்விடுகிறது என்ற பொருள்பட ராஜா சொன்னதாக ஹென்றி மார்ஷல் என்ற ராணுவ மருத்துவர் எழுதியிருக்கிறார். எரிந்து முடிந்த வீட்டைப் பார்த்துச் சொன்ன வார்த்தை அது.

சரி, சாதாரண ஜனங்கள்? ஏரிக்கு மண் சுமந்தவர்கள்? இரண்டு நாள் அடுப்பை அணைத்து வைத்தவர்கள்?

அவர்கள் மனசில் இருந்தது என்ன என்பதையும் மார்ஷலின் புத்தகத்திலிருந்தே அறியலாம். கண்டிக்காரர் ஒருவர் ஆங்கிலேயரிடம் விசாரித்தாராம்: ராஜாவைத்தான் இறக்கியாகிவிட்டதே, இனி உங்களுக்கு இங்கே வேலை என்ன, நீங்கள் போகலாமே என்று!

ஒரே கேள்விதான். ஆனால் நாட்டின் குரலே அதில் இருக்கிறது. தேள் கடித்தது என்று வைத்தியரைக் கூப்பிட்டார்கள். வைத்தியர் தேளை அடித்துவிட்டார். நன்றி. ஆனால் வைத்தியர் எழுந்திருக்கக் காணோம். வீட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்!

வேலூர் ஏன்?

1816 ஜனவரியில் ராஜாவையும் குடும்பத்தாரையும் "கார்ன்வாலிஸ்" என்ற கப்பலில் ஏற்றினார்கள். சென்னை வந்து, அங்கிருந்து வேலூர் கோட்டை.

ஏன் வேலூர்? அதற்கும் ஒரு பின்கதை உண்டு.

1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் போரில் மாண்டார். அவருடைய பிள்ளைகளையும் குடும்பத்தையும் ஆங்கிலேயர் இதே வேலூர் கோட்டையில்தான் காவலில் வைத்தார்கள். 1806-இல் பட்டாளத்தில் புதுத் தலைப்பாகை வந்தது. நெற்றியில் சமயக் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி கூடாது என்று உத்தரவுகளும் வந்தன. சிப்பாய்கள் கொதித்தார்கள். ஜூலை 10-ஆம் தேதி விடியுமுன் கோட்டைக்குள் துப்பாக்கி வெடித்தது. கோட்டையில் ஏறியது எந்தக் கொடி? திப்புவின் புலிக்கொடி!

ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி என்ற தளபதி குதிரைப் படையோடு பாய்ந்து வந்து கலகத்தை அடக்கினார். திப்புவின் பிள்ளைகளைக் கல்கத்தாவுக்கு மாற்றினார்கள்.

ஆங்கிலேயர் அன்று ஒரு பாடம் கற்றார்கள். பட்டம் இழந்த ராஜாவை அவன் ஜனங்களுக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. அவன் சும்மா இருந்தாலும் அவன் பெயர் சும்மா இராது!

அதனால் கண்டி ராஜாவைக் கடல் கடத்தினார்கள். வேலூரில் கண்டி மொழி பேசுவார் இல்லை. கண்டிக்காகக் கண்ணீர் விடுவாரும் இல்லை. கோட்டையில் அவர் இருந்த மாளிகையை இன்றும் "கண்டி மகால்" என்றே சொல்லுகிறார்கள். மானியம் கொடுத்தார்கள். வேளாவேளைக்குச் சோறு இருந்தது. வெளியே போக மட்டும் சுதந்திரம் இல்லை.

துரைசாமி வந்தான்!

ராஜாவைக் கடல் கடத்தியாயிற்று. கண்டி அமைதியாக இருந்ததா? இருக்கவில்லை!

பிரதானிகள் சீக்கிரமே கண் திறந்தார்கள். முன்பு ராஜாவுக்கு மட்டும் தலை வணங்கினார்கள். இப்போது வழியில் போகும் வெள்ளைக்காரச் சிப்பாய்கூட அவர்களை மதிக்காமல் நடந்தான். ஜனங்களுக்கோ, ராஜா இல்லாத ஊர் தலையில்லாத உடம்பாகத் தோன்றியது. கோயில் விழாவை முன்னின்று நடத்த ராஜா இல்லை. குறை சொல்ல ராஜா இல்லை. திட்டுவதற்குக்கூட ராஜா இல்லை!

1817-இல் ஊவாப் பகுதிக் காட்டில் ஒருவன் தோன்றினான். காவி உடுத்தியிருந்தான். "நான் துரைசாமி. நாயக்கர் வம்சத்தவன். ராஜாவின் உறவினன்" என்றான்.

எந்த உறவினர்கள் மலைநாட்டில் கால் வைக்கக் கூடாது என்று பிரதானிகள் கையெழுத்துப் போட்டார்களோ, அந்த உறவின் பெயரைச் சொல்லி ஒருவன் வந்தான். காட்டிக் கொடுப்பார்கள் என்றுதானே நினைப்போம்? கும்பிட்டார்கள்! வில்லும் அம்பும் எடுத்துக்கொண்டு அவன் பின்னால் திரண்டார்கள். பதுளையில் இருந்த வில்சன் என்ற ஆங்கிலேய அதிகாரி அம்புக்கு இரையானார். தீ மலைநாடு முழுதும் பரவியது.

கலகத்தை அடக்க ஆங்கிலேயர் ஒரு பிரதானியை அனுப்பினார்கள். அவர் பெயர் கெப்பெட்டிபொல. 1815 உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டவர். போனவர் திரும்பவில்லை. கலகக்காரர்களோடு சேர்ந்து அவர்களுக்கே தலைவராகிவிட்டார்!

கெப்பெட்டிபொல யார் தெரியுமா? ராஜா ஏரியில் மூழ்கடித்துக் கொன்றாரே, எகலப்பொலவின் மனைவி, அந்த அம்மாளின் உடன்பிறந்தவர்!

சொந்தச் சகோதரியைக் கொன்ற ராஜாவின் குலத்தான் என்று சொல்லிக்கொண்டவனுக்காகவே அவர் வாள் எடுத்தார். சகோதரியை மறந்துவிட்டாரா? யாராலும் மறக்க முடியாது. ஆனால் ஒரு ராஜாவின் கொடுமை வேறு, நாடு அடிமையாவது வேறு என்பதை அந்த மூன்று வருஷம் அவருக்குக் கற்றுக் கொடுத்திருந்தது.

துரைசாமி என்று வந்தவன் உண்மையில் நாயக்கர் குலத்தவனே அல்ல. வில்பாவ என்ற ஊரைச் சேர்ந்த சிங்களவன். வேஷம் பின்னால் வெளிப்பட்டது. ஆள் பொய், ஆனால் அவனைப் பார்த்து ஜனங்கள் கொண்ட ஆவேசம் பொய்யல்ல.

கலகத்தை அடக்க ஆங்கிலேயர் கிராமங்களைக் கொளுத்தினார்கள். நெல்லை அழித்தார்கள். ஆடுமாடுகளைக் கொன்றார்கள். ஊவாவில் அடுப்பு எரியவில்லை. இம்முறை துக்கத்தால் அல்ல. அடுப்பும் இல்லை, அரிசியும் இல்லை.

1818 நவம்பர் 26-ஆம் தேதி கண்டியில் கெப்பெட்டிபொல தலை வெட்டப்பட்டது. அவருடைய மண்டை ஓட்டை எடின்பரோவுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். இலங்கை சுதந்திரம் பெற்ற பிறகுதான் அது தாய்நாட்டுக்குத் திரும்பி வந்தது. இன்று அவர் இலங்கையின் தேசிய வீரர்.

எகலப்பொல? அவர் மேலும் ஆங்கிலேயருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. 1818-இல் பிடித்துக் காவலில் வைத்தார்கள். 1825-இல் மொரீஷியஸ் தீவுக்கு நாடு கடத்தினார்கள். 1829-இல் அங்கேயே இறந்தார். ராஜாவுக்கு வேலூர், ராஜாவைப் பிடித்துக் கொடுத்தவருக்கு மொரீஷியஸ். இரண்டு பேருக்கும் சொந்த மண்ணில் ஆறடி இடம் கிடைக்கவில்லை!

நேற்றும் இன்றும்

இது ஏதோ பழங்காலத்துக் கதை என்று தள்ளிவிட முடியாது.

2003-இல் அமெரிக்கா இராக்கின் மேல் படையெடுத்தது. சதாம் உசேன் பல ஆண்டுகள் இரும்புக் கரத்தால் ஆண்ட சர்வாதிகாரி. அவர் ஆட்சி கவிழ்ந்தது. டிசம்பர் 13-ஆம் தேதி, சொந்த ஊர்ப் பக்கமான திக்ரித்துக்கு அருகே, ஒரு பண்ணையில் தோண்டிய குழிக்குள் பதுங்கியிருந்தவரை அமெரிக்கச் சிப்பாய்கள் பிடித்தார்கள்.

செய்தி கேட்டு பாக்தாத்தில் வானத்தை நோக்கிச் சுட்டுக் கொண்டாடினார்கள். அவருடைய ஆட்சியில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் ஆனந்தக் கூத்தாடினார்கள். ஆனால் பரட்டைத் தலையும் தாடியுமாக இருந்தவரை ஓர் அந்நியன் வாயைத் திறக்கச் சொல்லிச் சோதிக்கும் காட்சியை டெலிவிஷனில் காட்டியபோது, அவரை வெறுத்தவர்களில்கூடச் சிலர் தலை குனிந்தார்கள். வேறு சில ஊர்களில் அவருக்கு ஆதரவாக ஊர்வலம் போனார்கள்.

அவர் பிடிபட்டால் சண்டை ஓய்ந்துவிடும் என்று பலர் நம்பினார்கள். ஓயவில்லை, மூண்டது. 2006 டிசம்பர் 30-இல் அவர் தூக்கிலிடப்பட்டார். அமெரிக்கப் பட்டாளம் 2011 டிசம்பரில்தான் வெளியேறியது. 2014-இல் மறுபடியும் வந்தது.

மெதமகாநுவரவுக்கும் திக்ரித்துக்கும் எத்தனையோ தூரம். இடையே 188 வருஷம். ஆனால் ஜனங்களின் மனசு ஒன்றுபோலவே இருந்திருக்கிறது. கொடுமைக்காரன் ஒழிந்தான் என்ற மகிழ்ச்சி பொய்யல்ல. நம் வீட்டுக்காரனை அந்நியன் பிடித்துப் போகிறானே என்ற வெட்கமும் பொய்யல்ல. ஒரே மனிதனின் நெஞ்சில், ஒரே நாளில், இரண்டும் இருக்கும். முதலில் மகிழ்ச்சி பேசும். அந்நியன் போகாமல் உட்கார்ந்துவிட்டால், பிறகு வெட்கம் பேசும்.

சிங்கக் கொடி

வேலூரில் ராஜா பதினாறு ஆண்டுகள் இருந்தார். 1832 ஜனவரி 30-ஆம் தேதி காலமானார். கண்டியை மறுபடியும் பார்க்கவே இல்லை. வேலூரில் பிறந்த அவருடைய மகனும் இளமையிலேயே மறைந்தார். ராஜாவையும் குடும்பத்தாரையும் பாலாற்றங்கரையில் அடக்கம் செய்தார்கள்.

கண்டியில் எடுத்த சிம்மாசனமும் கிரீடமும் இங்கிலாந்துக்குப் போயின. 1934-இல் திருப்பிக் கொடுத்தார்கள். இப்போது கொழும்பு மியூசியத்தில் இருக்கின்றன.

ராஜாவின் கொடியில் வாள் ஏந்திய சிங்கம் உண்டு. அதையும் ஆங்கிலேயர் எடுத்துப் போயிருந்தார்கள். 1948 பிப்ரவரி 4-ஆம் தேதி இலங்கை சுதந்திரம் பெற்றது. அன்று எந்தக் கொடியை ஏற்றினார்கள்? அந்தச் சிங்கக் கொடியைத்தான்! பின்னர் 1951-இல் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் அடையாளமாக இரண்டு பட்டைகளைச் சேர்த்தார்கள். இன்று இலங்கையின் தேசியக் கொடியில் இருப்பது, கொடுங்கோலர் என்று கட்டி இழுத்துப் போனார்களே, அந்த ராஜாவின் சிங்கம்!

அவர் நல்லவரா? எகலப்பொலவின் பிள்ளைகளை நினைத்தால் அப்படிச் சொல்ல வாய் வராது. அவரைப் பிடித்துக் கொடுத்தது சரியா? ஊவாவில் எரிந்த கிராமங்களை நினைத்தால் அதையும் சொல்ல வாய் வராது. கொடுமை செய்கிற ராஜாவைத் தட்டிக் கேட்பது ஜனங்களின் உரிமை. அந்தக் காரியத்தை அந்நியன் கையில் ஒப்படைத்தவர்கள் 133 ஆண்டுகள் அதற்கு விலை கொடுத்தார்கள்.

முத்து மண்டபத்தில் பொழுது சாய்கிறது. பாலத்தின் மேல் காட்பாடிக்குப் போகிற பஸ்கள் வரிசையாக ஊர்கின்றன. தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கும் பேரன் மறுபடியும் கேட்கிறான்:

"அந்த ராஜா நல்லவரா, கெட்டவரா தாத்தா?"

"கெட்டதும் செஞ்சாருடா. ஆனா அதை விசாரிக்க வேண்டியவங்க அவரோட ஊர்க்காரங்கதான்."